காதுக்குச் சாட்சி சொன்ன அக்கா

அக்கா,

மதியம் தபாலில் பழுப்புக் கவர் வந்தது. என் மேல்முறையீட்டின் உத்தரவு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உங்களைப் பற்றி என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தேடினேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: உடன் வேலை செய்தவரின் வாக்குமூலம் ஏற்கப்படுகிறது. என் காது கெட்டது பீரங்கிச் சத்தத்தால்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். உங்கள் கருமாதி முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

தப்பு என்னுடையது. ராணுவத்திலிருந்து வெளிவரும்போது, உடம்பில் ஏதாவது குறை உண்டா என்று டாக்டர் கேட்டார். உண்டு என்றால் ஆஸ்பத்திரியில் நிறுத்திவைப்பார்கள். எனக்கோ மாசி மகத் தேருக்கு விருத்தாசலம் வந்துவிட வேண்டும். இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். எங்களில் பலபேர் அப்படித்தான். பிறகு டிசபிலிட்டி பென்ஷன் கேட்டபோது, அதற்குள் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த செராமிக் கம்பெனியின் அரவை மெஷினால் கெட்ட காது என்று தள்ளிவிட்டார்கள்.

நான் சலித்துப்போனேன். நீங்கள் விடவில்லை. கம்பெனியில் நான் சேர்ந்த முதல் நாள், ஈரம் காயாத பொம்மைகளைப் பலகையில் அடுக்கித் தோளில் சுமந்து எனக்குப் பின்னால் வந்தீர்கள். வழி விடச் சொல்லிக் கத்தியும் நான் நகரவில்லையாம். அத்தனையும் சிதறிப்போயின. 'மிலிட்டரித் திமிரு, வேணும்னே நின்னாரு' என்று முதலாளியிடம் சொன்னதும் நீங்கள்தானே!

அதையே எழுதிக் கொடுக்கிறேன் என்றீர்கள். "கம்பெனி பேரு எதுக்கு கேசுல வரணும்? ஒன் வேலைய பாத்துக்க" என்றார் முதலாளி. எனக்குத்தான் பயம். வேலை போனால் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

வக்கீல் மேசை முன்னால் நீங்கள் உட்காரக்கூட இல்லை.

"வந்த மொத நாளே இவருக்குக் காது கேக்கல சார். அது தெரியாம திமிருன்னு கோள் சொன்னேன். அதையும் சேத்து எழுதுங்க."

"அது வேணாமேம்மா."

"வேணுங்க. இல்லேன்னா ஒரே ஊரு பொம்பள, இவருக்காகப் பாதிய முழுங்கிட்டுச் சொல்றான்னு நெனப்பாங்க."

அந்தத் தைரியம் எல்லையில் நின்றபோதுகூட எனக்கு வந்ததில்லை. மறுவாரமே பொம்மைக்கு வர்ணம் தீட்டிய உங்களை மண் சுமக்கப் போட்டார்கள். "கை கால் நல்லாத்தான இருக்குது" என்று சிரித்துவிட்டுக் கூடையைத் தூக்கினீர்கள்.

போன வாரம் காதுக் கருவி வாங்கினேன். நேற்று உங்கள் சின்ன மகள் வந்திருந்தாள்.

"எனக்கு அப்படியே அம்மா கொரலுன்னு சொல்றாங்க மாமா" என்றாள்.

இத்தனை வருஷமும் உங்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டவன் நான்.

"எதையாவது பேசிக்கிட்டே இரும்மா" என்றேன்.