பகுதி 312, கடைசி வரி

மார்ச் 4, செவ்வாய்

எரிவாயு உருளை மாற்றினேன். போன உருளை நாற்பத்தொரு நாள் வந்தது.

காலையில் அவர் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். எங்கும் போகிற வேலை இல்லாத நாளில் என்ன சாயம்? கேட்கவில்லை. செய்தித்தாளை அடுக்கும்போது தெரிந்துபோனது. 'மறுவாசல்' தொடர் ஆறு வருடம் கழித்துத் திரும்ப வரப்போகிறதாம். கால் பக்க விளம்பரம். அந்தப் பக்கம் மட்டும் பத்துத் தடவை பிரித்து மடித்த மாதிரி நைந்திருந்தது.

நாலு வருடம் அவர் அதில் நடித்தார். ஆராய்ச்சி நிலையத்தின் வாயிற்காவலர். பாத்திரத்துக்குப் பெயர்கூட வைக்கவில்லை, கேட்காரர்தான். முப்பது வருடம் மேடையில் ராஜாவாகவும் மந்திரியாகவும் நின்றவரை ஜனங்கள் அடையாளம் கண்டுகொண்டது காக்கிச் சட்டையில். தெருவில் இன்னும் அதுதான் பெயர்.

மார்ச் 5, புதன்

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மாடிக்காரம்மா பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு ஃபோன் வந்துச்சா? டாக்டரம்மாவா வந்தாங்களே, அவங்களுக்குப் போன வாரமே வந்திருச்சாம்."

"வரும்."

"வரும், வரும். ஆனா இப்பல்லாம் கேட்டு தானாவே தொறந்து தானாவே சாத்திக்குதே, ஆளு எதுக்குன்னு விட்டுட்டாங்களோ என்னவோ!" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவள் துணியெல்லாம் நீலம் திட்டுத் திட்டாக இருந்தது. சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஃபோன் வரவில்லை. அவர் குளிக்கப் போனாலும் அதைக் குளியலறை வாசலில் முக்காலி மேல் வைத்துவிட்டுப் போகிறார்.

மார்ச் 12, புதன்

ஃபோன் வந்தது. அவருக்கில்லை, எனக்கு.

"அம்மா, நீங்க நோட்டு எழுதுவீங்களே, அதெல்லாம் இருக்கா?" உதவி இயக்குநர் பெண். அந்தக் காலத்திலேயே பெரிய கண்ணாடி போட்டிருப்பாள், எல்லோரும் கண்ணாடிக்காரி என்பார்கள்.

பதினோரு நோட்டு இருக்கிறது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். இணை உலகம், காலக்கோடு என்ற வார்த்தைகளெல்லாம் இந்தத் தொடரைப் பார்த்தும், நூலகத்தில் கேட்டு வாங்கிப் படித்தும் கற்றவை. நிலையத்துக்குள் ஒரு கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் இன்னோர் உலகம், அங்கேயும் இதே மனிதர்கள் வேறு மாதிரி வாழ்கிறார்கள். எந்த உலகத்துக் கேட்காரருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று அவருக்கு ஒருபோதும் நினைவு நின்றதில்லை. அதனால் ஒவ்வொரு பகுதியும் முடிந்த கையோடு நான் குறித்துவைப்பேன்: யார் எந்தப் பக்கம், யாருக்கு எந்தக் கையில் தழும்பு. படப்பிடிப்புக்குக் கொண்டுபோவார். அங்கேயும் சந்தேகம் என்றால் என் நோட்டைத்தான் பார்ப்பார்களாம்.

பழைய கம்பெனிக் கிடங்கில் வெள்ளம் புகுந்து கடைசி வருடத்துப் பதிவு முழுக்கப் போய்விட்டதாம். புதிய கதாசிரியருக்கு என் நோட்டு வேண்டும்.

நான் பேசி முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார், ஃபோனை வாங்கிக்கொள்ளக் கையைக் கொஞ்சம் நீட்டியபடி. வைத்த பிறகும் அந்தக் கை உடனே இறங்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கண்ணாடிக்காரி வந்தாள். அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து "என்னம்மா, சௌக்கியமா?" என்றார். "சௌக்கியம் சார், நீங்க அப்படியே இருக்கீங்க" என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ரொட்டி வாங்கி வருகிறேன் என்று வெளியே போனார். வீட்டில் ரொட்டி இருந்தது.

அவர் படி இறங்கிய பிறகு, இவரைக் கூப்பிடுவீர்களா என்று நான் கேட்டேன்.

"இந்தத் தடவை அழிச்சு எழுதறோம்மா. முதல் உலகம் நடக்கவே இல்லைன்னு ஆக்கிடறோம். கதவைத் தாண்டி ரெண்டாவது உலகத்துக்குப் போனவங்க மட்டும்தான் மிச்சம்."

"தாண்டாதவங்க?"

"அவங்க பிறக்கவே இல்லை." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், தக்காளி விலை சொல்கிற மாதிரி. "சார் தாண்டினாரா? எனக்கு ஞாபகமே இல்ல. நோட்டுல பார்த்துக்கறோம். தாண்டியிருந்தா கண்டிப்பா கூப்பிடுவோம்மா."

பத்து நோட்டுகளைக் கொடுத்தேன். பதினோராவதைத் தேடவேண்டும், திங்கட்கிழமை வாங்க என்றேன். அது பீரோ மேல்தட்டில் கண்ணெதிரே இருந்தது.

மார்ச் 15, சனி

தேட என்ன இருக்கிறது? 312 எனக்கு மனப்பாடம். நிலையம் தீப்பற்றுகிறது. எல்லோரும் கதவு வழியாக ஓடுகிறார்கள். அந்தக் கதவை அந்தப் பக்கத்திலிருந்து சாத்த முடியாது, இந்தப் பக்கம் நின்று யாராவது தள்ளவேண்டும். கேட்காரர் நிற்கிறார். டாக்டரம்மா கையை நீட்டிக் கூப்பிடுகிறாள். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, தோளைக் கொடுத்துக் கதவை அடைக்கிறார். வசனமே கிடையாது.

இரண்டு நாள் எடுத்தார்கள். தோள் வீங்கி வந்தார், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். ஒளிபரப்பான அன்று மாடிக்காரம்மாகூட இறங்கி வந்து மூக்கைச் சிந்தினாள்.

நோட்டில் நான் எழுதியிருப்பது: 'கேட்காரர் இந்தப் பக்கமே நின்றார். தாண்டவில்லை.' அந்தப் பகுதிக்குக் கடைசி வரி அதுதான்.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் விளக்கேற்றி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் தலையில் எழுதியதை அழித்து எழுதுகிற வழக்கம் ஆண்டவனுக்கே இல்லை. தொடரில் அழித்து எழுதப் போகிறார்கள் என்றபோது எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. மனிதர்களுக்கு இதென்ன துணிச்சல்?

அவர் தூங்கிய மதியத்தில் அந்தத் தாளைப் பிரித்தெடுத்தேன். நோட்டின் பின்னால் இருந்த வெற்றுத் தாளில் பகுதி முழுவதையும் திரும்ப எழுதினேன். ஆறு வருடத்துக்கு முன் என் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும். சாய்த்தே எழுதினேன். கடைசி வரி: 'கதவு மூடும் நொடியில் கேட்காரரும் உள்ளே பாய்ந்தார்.'

ஊசி நூலால் தைத்துச் சேர்த்தேன். பழைய தாளை அடுப்பில் வைத்தேன்.

ஒரே ஒரு வரி. யாருக்கு என்ன நஷ்டம்? நானே கேட்டேன், நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 17, திங்கள்

கொடுத்துவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

கூப்பிட்டுவிட்டார்கள்! வெள்ளிக்கிழமை கதை வாசிக்கிறார்களாம், நடிகர்கள் எல்லோரும் வரவேண்டுமாம்.

மனிதர் வீட்டில் நடக்கவில்லை, மிதக்கிறார். கண்ணாடி முன் நின்று தொண்டையைச் செருமிச் செருமிப் பார்க்கிறார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வந்து உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று!

"ஏன் கூப்பிட்டிருக்காங்க தெரியுமா? அந்தக் காட்சிடி. கதவைச் சாத்தினேனே, அது. பார்த்தவன் எவனும் சாகறவரைக்கும் மறக்கமாட்டான்."

"ஆமா" என்றேன். வெங்காயம் நல்லதாகப் போயிற்று.

மார்ச் 28, வெள்ளி

மாலை ஆகும் என்று போனவர் பதினோரு மணிக்கே வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கேட்காமலே சொன்னார், சுவரைப் பார்த்து.

"ரெண்டாவது உலகத்துல கேட்காரர் கண்ணைத் திறக்கறார்னு வாசிச்சாங்க. நான் எழுந்து, சார், தப்பா இருக்கு, நான் தாண்டலையே, நின்னு கதவைச் சாத்தினவனே நான்தானே, ரெண்டு நாள் எடுத்தோமேன்னேன். கதாசிரியர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். உன் கையெழுத்து."

தண்ணீர் நீட்டினேன். வாங்கவில்லை.

"எல்லாரும் என்னையே பார்த்தாங்க. பொண்டாட்டியை விட்டுப் பொய் எழுதவெச்சு வேலை வாங்கினவன் மாதிரி. போகட்டும், அதைக்கூட விடு. என் வாழ்க்கையில எனக்குன்னு இருந்தது அந்த ஒரு காட்சி. அதுல என்னை ஓடிப்போனவனா ஆக்கிட்டியே."

கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார்.

மார்ச் 29, சனி

நான் என்ன பண்ணிட்டேன் — உங்களுக்கு வேலை வேணும்னுதானே, நீங்க மேல்தெரு டீக்கடையில போய் உட்கார்ந்து ஊர் பேச்சுக் கேக்கக் கூடாதுன்னுதானே — ஒரு வரி, ஒரே வரி — உங்களைக் கேட்டிருக்கலாம். கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க? வேணாம்னு சொல்லியிருப்பீங்க. அது தெரிஞ்சுதான் நான் கேக்கலையா?

விளக்கு ஏற்றவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

கண்ணாடிக்காரியே கூப்பிட்டாள். திட்டப்போகிறாள் என்று நின்றுகொண்டே பேசினேன். திட்டவில்லை. "மத்த நோட்டெல்லாம் சரிபார்த்தோம்மா, ஒரு தப்பு இல்ல. இந்த வரியும் கதாசிரியருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு, அப்படியே வெச்சுக்கறோம்."

"பொய்ன்னு தெரிஞ்சுமா?"

"இதுல பொய்யேதும்மா? ஒரு உலகத்துல நின்னார், இன்னொண்ணுல பாய்ஞ்சார். பாய்ஞ்சவரை வெச்சுத்தான் இனிமே கதை."

"அப்போ சாரைக் கூப்பிடறீங்களா?"

"கதாசிரியர் வயசையும் அழிச்சு எழுதிட்டார்மா. அங்க கேட்காரருக்கு முப்பத்தஞ்சு வயசுதான் ஆகுது. வேற ஆள் போட்டாச்சு."

நின்றவர் என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை. அவர் பிறக்கவே இல்லை.

நான் உள்ளதை உள்ளபடி கொடுத்திருந்தால் கேட்காரர் என்று ஒருவரே தொடரில் இருந்திருக்கமாட்டார். பார்த்தவர்கள் மனதில் நின்றவர் நின்றபடியே இருந்திருப்பார். இப்போது பாத்திரம் உயிரோடு இருக்கிறது, வேறு ஒருவன் உடம்பில். இத்தனை வருடம் உபவாசம் இருந்து கும்பிட்டதற்கு ஆண்டவா, நல்ல பதில். எழுத்துக்கு எழுத்து நான் எழுதினதையே கொடுத்திருக்கிறாய்.

அவரிடம் சொன்னேன். "ஓஹோ" என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அவர் தன் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டார். பத்து நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னார். பத்து நாளைக்குக் கம்பளிச் சட்டை எதற்கு?

பேருந்து நிலையம்வரை கூட வரட்டுமா என்றேன். "வேணாம். நீ வீட்டைப் பார்த்துக்கோ."

ஏப்ரல் 30, புதன்

அரிசி இந்த மாதம் பாதிதான் செலவு.

ஜூன் 16, திங்கள்

தொடர் தொடங்கிவிட்டது. பார்க்கக் கூடாது என்று இருந்தேன். மாடிக்காரம்மா தன் வீட்டில் கரண்ட் இல்லை என்று சொல்லி இறங்கி வந்தாள். மேலே மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நெருப்பு. ஓட்டம். கதவு. என் வரி அப்படியே வந்தது. அந்தப் புது ஆள் பாய்ந்தான். நல்ல உடம்பு, காக்கிச் சட்டை அவனுக்குத் தைத்த மாதிரி இருந்தது. டாக்டரம்மா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். கதவு தானாகவே மூடிக்கொண்டது. யாரும் தள்ளவேண்டியிருக்கவில்லை.

"இது இப்படியா இருந்துச்சு?" என்றாள் மாடிக்காரம்மா. "உங்க வீட்டுக்காரர் நின்னாருல்ல? நான்கூட அழுதேனே."

"இல்லியே. எப்பவும் இப்படித்தான்" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்து போகும்போது, "அவர் வந்தா சொல்லுங்க, அவர் நின்னதைத்தான் நான் பார்த்தேன்னு" என்றாள். அவளிடமிருந்து வரும் என்று நினைக்காத வார்த்தை. என் வாயிலிருந்து வந்ததும் நான் நினைக்காததுதான்.

ஜூன் 22, ஞாயிறு

நாத்தனாருக்கு ஃபோன் போட்டேன்.

"நல்லா இருக்கான்மா. சாப்பிடறான், தூங்கறான். அவன் இருக்கும்போது நாங்க டிவி போடறதில்ல."

"எப்ப வருவாராம் அண்ணி?"

"அதை அவனைத்தான் கேக்கணும்."

"கொடுங்களேன், ரெண்டு வார்த்தை பேசறேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்த சத்தம். பிறகு யாரோ நடந்து போகிற சத்தம்.

"பக்கத்துலதான் இருந்தான்மா" என்றார் அண்ணி. "இப்பத்தான் எழுந்து போறான்."

ஜூலை 8, செவ்வாய்

வெயில். மிளகாய் காயப்போட்டேன்.

பதினொன்றரைக்குக் கண்ணாடிக்காரி. "ஒரே ஒரு சந்தேகம்மா. கேட்காரருக்கு ஒரு ஜோடி சேர்க்கலாம்னு பேச்சு. பழைய கதையில அவருக்கு மனைவி உண்டா? நோட்டுல எங்கயும் கண்ணுல படல."

நோட்டில் இருக்காது. 147ஆம் பகுதி. காவல் கூண்டில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, "என் வீட்டுக்காரி கண்ணை மூடிக்கிட்டுப் போட்டாலும் உப்பு சரியா இருக்கும்" என்பார். கதையில் இல்லாத வசனம், அவராகச் சேர்த்துக்கொண்டது. இயக்குநர் விட்டுவிட்டார். எல்லாவற்றையும் குறித்த நான் அதை மட்டும் குறிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"இல்லம்மா" என்றேன். "தனி ஆள்தான்."

"நிச்சயமா?"

"யாருமே கிடையாது. ஒரு இடத்துல அவரே சொல்லுவார்."

"எத்தனாவது பகுதி? குறிச்சுக்கறேன்."

யோசிக்காமல் ஓர் எண் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.