சனிக்கிழமைக் காய்கறிப் பெட்டி

அன்பு நிறைந்த என் வீட்டுக்காரிக்கு,

நானும் சின்னவளும் நலம். உன் நலமும், நீ பார்த்துக்கொள்ளும் நோயாளிகளின் நலமும் அறிய ஆவல். வாராவாரம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் மகள் என் தோளில் தொற்றிக்கொண்டு நிற்கிறாள். எட்டு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு சில விஷயங்களைப் பேச வரவில்லை.

முதலில் காய்கறிக் கதை. அந்த ஊர் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், வாராவாரம் காய்கறிப் பெட்டி தரும், ஊருக்கு வெளியே இருக்கும் அந்தத் தோட்டத்தில் நம் பெயரைப் பதிந்துவிட்டுப் போனாயே, "நான் இல்லேன்னா நீங்க முட்டையிலேயே காலத்தை ஓட்டிடுவீங்க" என்று. அது வீண்போகவில்லை. சனிக்கிழமை காலையில் தையல் கடையைத் திறப்பதற்கு முன்பே இருவரும் நூலகத்தின் பின்வாசலுக்குப் போய்விடுகிறோம். தோட்டக்காரம்மா வேனிலிருந்து பெட்டியை இறக்கித் தருவார். இது வேண்டும், அது வேண்டாம் என்ற பேச்சே கிடையாது. அந்த வாரம் மண் என்ன கொடுத்ததோ அதுதான் நம் வீட்டுக்கு.

பெட்டியைத் திறக்கும் உரிமை சின்னவளுடையது. திறந்ததும் ஈரமண் வாசம் அடுப்படி முழுக்கப் பரவும். ஒருமுறை கால்மேல் கால் போட்ட மாதிரி ஒரு கேரட் வந்தது. "அப்பா, இவரு ஆபீசர்" என்று தட்டில் உட்கார வைத்துவிட்டாள்; நறுக்க விடவில்லை. என்னைப் படாதபாடு படுத்தியது நூல்கோல்தான். துணி வெட்டிப் பழகிய கைக்கு அதன் தோல் வசப்படவே இல்லை. தோட்டக்காரம்மாவிடமே முறையிட்டேன். சிரித்துவிட்டு, "தோலைத் தடிமனா சீவிட்டு, பச்சையாவே உப்பு தூவிக் குடுங்க தம்பி, பாப்பா தின்னும்" என்றார். தின்றாள். இப்போது மிஷின் பக்கத்தில் ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டு நானும் கொறிக்கிறேன்.

போன வாரம் பூசணிக்காய் வந்தது. குழைய வேகவைத்து, மிளகு தட்டிப் போட்டுச் செய்வாயே, அதைச் செய்து பார்த்தேன். தண்ணீர் அதிகமாகி, பிறகு அடிபிடித்து, கடைசியில் சர்க்கரையை அள்ளிப் போட்டுச் சமாளித்தேன். வாயில் வைக்க முடியவில்லை. சின்னவள் மட்டும் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். "அப்படியே அம்மா செய்யற மாதிரியே இருக்குப்பா!" என்றாள்.

என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே நம்பித்தான் சொன்னாள். "இல்லடா கண்ணு, அம்மா செய்யறது வேற" என்று சொல்ல வாயெடுத்தேன். எப்படி வேறு என்று கேட்டால் என்ன சொல்வேன்? ருசியைச் சொல்லிப் புரியவைக்க முடியுமா? "ஆமாடா" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவ எழுந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், என்ன சொல்லட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். "உன் இஷ்டம்" என்றேன். உனக்கு அது பட்டென்று வெட்டியது போலத் தோன்றியிருக்கும். அங்கே உன் வேலைக்கு மதிப்பு இருக்கிறது என்று நீ சொன்னபோது உன் குரலில் ஒரு நிமிர்வு தெரிந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

இன்று காலை தோட்டக்காரம்மா அடுத்த பருவத்தைப் பற்றிக் கேட்டார். "வீட்ல ரெண்டு பேருதானே, சின்னப் பெட்டியா மாத்திடட்டுமா?" நான் வாய் திறப்பதற்குள் உன் மகள் முந்திக்கொண்டாள். "இல்ல ஆன்ட்டி, நாங்க மூணு பேரு." அவர் என்னைப் பார்த்தார். "பெரிசே இருக்கட்டும்மா" என்றேன். எனக்காகத்தான் சொன்னேனா, குழந்தைக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

நீ எந்த முடிவுக்கு வந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு. இரவு வேலை முடிந்து தனியாக நடந்து வராதே, கூட ஒருத்தரைச் சேர்த்துக்கொள். உனக்கு எந்தக் குறையும் வராது. ஒன்றே ஒன்றை மட்டும் யோசித்துப் பார்: பெரிய பெட்டியை நாங்கள் இரண்டு பேர் சாப்பிட்டுத் தீர்க்க முடியாது.

உன் வழி பார்த்திருக்கும்,
உன் தையற்காரன்