காதை நம்பாதையும்

மச்சாள்,

என் இடது கன்னம் இன்னும் அரிக்கிறது. நீர் இருந்திருந்தால், "சொறியாதையும், தேங்காயெண்ணெய் பூசும்" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதட்டியிருப்பீர். நீர் போய் ஒரு வருடமாகிறது. உம்முடைய காணியில் முள்ளு மறுபடியும் தலைகாட்டிவிட்டது. "அம்மாவும் இல்லை, காணியை விடுங்கோ மாமி" என்று கனடாவிலிருந்து உம்முடைய மகன் சொல்கிறான். நான் விடுவதாக இல்லை.

இன்று காலை மயிலிட்டி வீதியில் ஒருவர் புல்வெட்டும் மெசினால் ஓரத்துப் பற்றைகளை அடித்துக்கொண்டு வந்தார். அவருக்கு முன்னால், மஞ்சள் பூவும் காய்ந்த காயுமாக இடுப்பளவு உயரத்தில் செடிகள். நான் சைக்கிளைக் குறுக்கே விட்டேன்.

"அக்கா, விலகுங்கோ. கல்லுத் தெறிக்கும்."

"உதை வெட்டாதேங்கோ தம்பி. உது சணல்."

"உது கிலுகிலுப்பையெல்லே? குலுக்கிப் பாருங்கோ, சத்தம் கேக்கும்."

அந்தப் பெயரைச் சொன்னதும் எனக்கு உம்முடைய சிரிப்புத்தான் கேட்டது.

ஆமி எங்கள் காணிகளைத் திருப்பி விட்ட முதல் வருடம் அது. அத்தனை காலம் பற்றையாகக் கிடந்த மண்ணில் கத்தரிக்கன்றுகூடத் தேறவில்லை. சணல் விதைத்து, பூக்கும்போது உழுது உள்ளே தாட்டால் மண் திருந்தும் என்று இருவரும் முடிவெடுத்தோம். விதை எங்கும் கிடைக்கவில்லை. நான் பெரிய கெட்டிக்காரியாக, வீதியோரத்தில் குலுங்கிய காயெல்லாம் பறித்து, உமக்குச் சொல்லாமல் இரண்டு காணியிலும் விதைத்தேன். முளைத்தது முழுக்கக் கிலுகிலுப்பை. காய்ந்தால் இரண்டுமே குலுங்கும் என்பது, இடம்பெயர்ந்து திரிந்த வருடங்களில் எனக்கு மறந்தே போயிருந்தது.

"ஊரிலை பிறக்கிற பிள்ளையளுக்கெல்லாம் விளையாட்டுச் சாமான் விதைச்சிருக்கிறீர்" என்று வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர். இரண்டு நாள் நான் உம்மோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், மருதனார்மடம் சந்தைக்குப் போன வழியில் ஒரு தோட்டத்தில் கேட்டு வாங்கிய சணல் காயோடு வந்தீர். என் ஒரு கன்னத்தில் அதையும் மறு கன்னத்தில் நான் விதைத்ததன் காயையும் தேய்த்தீர். சணல் காயின் மயிர் பிடித்துச் சுணைத்தது. மற்றது வழுவழுவென்று போனது.

"காதை நம்பாதையும் மச்சாள், கன்னத்தை நம்பும்" என்றீர். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

இன்று அந்த மனிதருக்கு முன்னாலேயே ஒரு காயைப் பிடுங்கித் தேய்த்தேன். சுணைத்தது. அவரும் தன் தாடிக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல் மெசினை நிற்பாட்டினார்.

"பின்னேரம் வருவன். அதுக்குள்ளை பறிச்சுப்போடுங்கோ."

பறித்தேன். ஒவ்வொரு காயையும் கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் பையில் போட்டேன். அந்த அரிப்புத்தான் இது. இருக்கிற விதை ஒரு காணிக்குத்தான் காணும். என் மண் இன்னொரு வருடம் பொறுக்கும். மழைக்கு முன் உம்முடையதில் விதைக்கப் போகிறேன். உம்முடைய மகனுக்கும் சொல்லிவிட்டேன்.

பறித்ததில் ஒரு காய் மட்டும் வழுவழுப்பாக இருந்தது. எறிய மனம் வரவில்லை. அதை எங்கள் எல்லை வேலியின் கதியாலடியில் ஊன்றுவேன். காற்றடிக்கும்போது அது குலுங்கும். நீர் சிரிக்கிறீர் என்று நினைத்துக்கொண்டு, நான் என் வேலையைப் பார்ப்பேன்.