கால் வைக்காத இருபது நிமிடம்

செப்டம்பர் 8, திங்கள்
வாகட் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் ஏழாம் தேதியிலிருந்து காலை வகுப்பு. அறுபத்தாறு வயதில் கிளட்ச் எது, பிரேக் எது என்று கற்கப் போகிறேன். படிவத்தில் ‘ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்’ என்று பார்த்த கவுன்டர் பெண், “அப்ப பார்க்கிங் உங்களுக்கு ஈஸி சர், எல்லாம் ஆங்கிள்தான்” என்று ஹிந்தியில் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தால் மகள் வைஷுவுக்கு ஒசாகாவிலிருந்து பார்சல்.

செப்டம்பர் 9
பார்சலைப் பிரித்தாள். எஞ்சின் கம்ப்யூட்டர். நம் ஜியாமெட்ரி பாக்ஸை விடக் கொஞ்சம் பெரிய அலுமினியப் பெட்டி, அவ்வளவுதான். எஞ்சின் முழு வேகத்தில் சுற்றும்போது இது விநாடிக்கு இருநூறு தடவை முடிவெடுக்குமாம், எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று. நான் ஒரு பீரியடில் நாற்பது கேள்வி கேட்டால் அதிகம். கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். கனமே இல்லை.

இது ராம்பிரசாத் என்பவரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு. இரண்டே இருக்கை, தொண்ணூறுகளில் ஜப்பானில் செய்தது. ஜூலை மழையில் பார்க்கிங்கில் தண்ணீர் புகுந்து அதன் பழைய பெட்டி பச்சை பூத்துச் செத்துவிட்டது. பிம்ப்ரியில் காசிம் பாயின் மெக்கானிக் ஷெட்டில் வைஷு தனியாக ஏற்றிருக்கும் முதல் வண்டி.

ஏப்ரலில் ஹிஞ்ஜவாடி ஐ.டி. வேலையை விட்டாள். பழைய ஆபீஸில் செப்டம்பர் முப்பது வரை இடம் வைத்திருக்கிறார்கள். “இந்த வண்டி ஓடலேன்னா திரும்பிப் போயிடறேன்மா” என்று அவளே கிரிஜாவிடம் சொல்லிவிட்டாள். கிரிஜா அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 20, சனி
நானும் ஷெட்டுக்குப் போனேன். இடது இருக்கைக்குக் கீழே கார்ப்பெட்டைத் தூக்கிப் பெட்டியை வைத்து மூன்று பிளக்கையும் மாட்டினாள். சாவியைத் திருப்பியதும் உயிர் வந்தது. எங்கோ ஒரு ஊரில், வேறொரு காருக்குள் இருந்த மூளை.

அரை நிமிடம். முக்கி, இருமி, நின்றுவிட்டது. காசிம் பாய் உள்ளே பாய்ந்து ஆக்சிலரேட்டரை மிதித்தார். மிதிக்கும் வரை பாடுகிறது, காலை எடுத்தால் சாகிறது.

ராம்பிரசாத் சிரித்தார். “சிக்னல்ல நின்னா இறங்கித் தள்ளணும் போலிருக்கே, மகளே.” வைஷு சிரிக்கவில்லை.

செப்டம்பர் 24
இன்றும் நின்றுவிட்டது.

அதே நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பின்
அவள் சாப்பிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு வருத்தம்தான். ஆனால் உள்ளே ஒரு மூலையில் — சரி, ஆபீஸுக்குப் போயிடுவா, மாசம் பொறந்தா எல்லாம் சரியாயிடும் — என்று ஒரு நிம்மதி. சீ, என்ன அப்பன் நான்? பின்னால் இல்லை என்று சொல்ல முடியாதபடி எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு
கண்டுபிடித்துவிட்டாள். ஜப்பானிய ரிப்பேர் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக போனில் மொழிபெயர்த்துப் படித்திருக்கிறாள். பெட்டியில் கோளாறு இல்லை. மின்சாரம் இல்லாமல் கிடந்ததில் அதற்கு எல்லாம் மறந்துபோயிற்று. இந்த எஞ்சின் சும்மா நிற்கும்போது எவ்வளவு மூச்சு விட வேண்டும் என்பதை அது தானாகக் கற்க வேண்டும். பத்து நிமிடம் வெறுமனே. பிறகு பத்து நிமிடம் விளக்கும் விசிறியும் போட்டு. அதுவரை ஆக்சிலரேட்டரைத் தொடக் கூடாது. தொட்டால் முதலிலிருந்து.

நேற்று நாலு தடவை முயன்றார்களாம். காசிம் பாய் இரண்டு தடவை மிதித்தார், ராம்பிரசாத் ஒரு தடவை, வைஷுவே ஒரு தடவை. “அது திணறும்போது கால் தானா போறதுப்பா. ஓட்டத் தெரிஞ்ச யாராலயும் முடியாது.”

அவள் எஞ்சின் பக்கம் மீட்டரோடு நிற்க வேண்டும். உள்ளே உட்கார ஒரு ஆள் வேண்டும்.

“அப்பா, செவ்வாய்க்கிழமை வரியா? நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். அதான் வேலை.”

செப்டம்பர் 30, செவ்வாய்
செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். தரையோடு தரையாக இருக்கை. சாவியை வைஷுவே திருப்பிவிட்டு முன்பக்கம் போனாள்.

எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஆயிரத்தில் இருந்து இறங்கியது. எண்ணூறு. ஐந்நூறு. வண்டி முழுக்க நடுங்குகிறது, காய்ச்சல்காரக் குழந்தையை மடியில் வைத்த மாதிரி. முந்நூறு. வெளியே காசிம் பாய் நின்றிருந்தார். அவருடைய வலது கால் சிமெண்ட் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

எனக்கே கால் பரபரத்தது. பதில் வராமல் போர்டு முன்னால் திணறும் பிள்ளையின் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி நானே கணக்கை முடித்தவன் நான். முப்பத்தோரு வருஷம். அன்பாகத்தான் செய்தேன், மணி அடித்துவிடுமே என்று செய்தேன். எத்தனை பேர் அடுத்த வரியில் தாங்களே முடித்திருப்பார்களோ.

“நின்னுடாதே” என்றேன். சத்தமாகவே. அப்போதுதான் தெரிந்தது, ஆபீஸா வண்டியா, எனக்கு எந்தப் பக்கம் வேண்டும் என்று.

முள் நானூறுக்கு ஏறியது. விழுந்தது. மறுபடி ஏறியது, முன்னைவிடக் கொஞ்சம் மேலே. யாரும் சொல்லித்தரவில்லை. ஏழாவது நிமிடமோ எட்டாவதோ, எண்ணூற்றைம்பதில் வந்து நின்றது. நடுக்கம் போய்விட்டது. வைஷு கை காட்டியதும் விளக்கைப் போட்டேன், விசிறியைப் போட்டேன். முள் ஒரு தடவை தாழ்ந்தது, தானே நிமிர்ந்தது.

ஒன்று கற்றுக்கொள்வதை அதற்குள்ளேயே உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை வருஷம் வகுப்பில் நின்றும் பார்க்காதது.

இருபது நிமிடம் முடிந்தது. காசிம் பாய், “சர், உங்க கால் தங்கம்” என்றார். வைஷு கிரீஸ் கையோடு போனை எடுத்து ஆபீஸுக்கு இரண்டு வரி அனுப்பினாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 1
ஆயுத பூஜை. என் பழைய காம்பஸுக்குப் பக்கத்தில், யாரும் சொல்லாமலே, கிரிஜா அந்தச் செத்த பெட்டியை வைத்துக் குங்குமம் இட்டிருந்தாள்.

அக்டோபர் 6, திங்கள்
ஹடப்சரிலிருந்து இன்னொரு வண்டி வருகிறது, அதற்கும் பெட்டி மாற்ற வேண்டும். “சனிக்கிழமை வந்துடுப்பா, ஓட்டத் தெரியாத கால் வேணும்” என்றாள் வைஷு.

சாயங்காலம் டிரைவிங் ஸ்கூலிலிருந்து அந்தப் பெண் போன் செய்தாள். நாளைக் காலை ஏழு மணிக்கு வகுப்பு என்று ஞாபகப்படுத்தினாள். வரவில்லை என்றேன். ஏன் சர், உடம்பு சரியில்லையா?

இல்லையம்மா, வேலை கிடைத்துவிட்டது என்றேன்.