இரவு ஒரு மணி வருகைப்பதிவு

அனுப்புநர்:
கு. அம்சவேணி (வயது 74),
க/பெ. அமரர் குழந்தைசாமி,
கல்லூரி மாணவியர் விடுதிக்குப் பின்புறம்,
எடப்புளி நாடு, கொல்லிமலை.

பெறுநர்:
மாணவியர் விடுதிகளின் தனி அலுவலர் அவர்கள்,
நாமக்கல்.

பொருள்: விடுதி மாணவியரை இரவில் எழுப்பி வருகை பதிவதை நிறுத்தவும், மாணவி மணிமேகலையை வெளியேற்றும் உத்தரவை ரத்து செய்யவும் வேண்டுதல்.

பார்வை: எனது 3.7.2025 தேதியிட்ட மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வையில் கண்ட மனுவை எழுதியவள் நானே. மாணவியர் இரவு பதினொரு மணி வரை மொட்டை மாடியில் சிரிக்கிறார்கள், நேரத்தோடு தூங்கச் செய்யுங்கள் என்று கேட்டிருந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் நின்றபடியே கடந்து வந்து நேரில் தந்தேன். தாங்கள் பத்தே நாளில் நடவடிக்கை எடுத்தீர்கள். அந்த வேகத்திற்கு நன்றி. நடவடிக்கைதான் தவறிவிட்டது.

2. மாணவியர் தூங்கிவிட்டார்களா என்று உறுதி செய்ய, இரவு பத்து, ஒன்று, விடியற்காலை நான்கு ஆகிய மணிகளில் கைபேசிச் செயலியில் முகத்தைப் படம் பிடித்து வருகை பதிய உத்தரவாயிற்று. ஆக, தூங்குகிறார்களா என்று பார்க்க எழுப்புகிறார்கள். விடுதிக்குள் சிக்னல் கிடையாது. என் மிளகுத் தோட்டத்து வேலியோரம் மட்டும் உண்டு. எனவே நாற்பத்திரண்டு பெண்களும் ஒரு மணிப் பனியில் அங்கே வரிசையில் நிற்கிறார்கள்.

3. செயலியில் இருப்பது சேர்க்கையன்று பவுடர் பூசித் தலைவாரி எடுத்த படம். குரங்குக் குல்லாவோடு தூங்கி விழும் முகத்தை அது ஏற்பதில்லை. "சத்யா, கண்ணை நல்லாத் தொற கண்ணு" என்று காப்பாளர் சங்கீதா கெஞ்சுகிறார். "தொறந்துதானுங்க மேடம் இருக்கேன், இதுக்கு மேல தொறந்தா முழி கீழ விழுந்துரும்" என்கிறாள் அந்தப் பெண். வரிசை சிரிக்கிறது. மொட்டை மாடிச் சிரிப்பு இப்போது என் சன்னலுக்கு ஆறடியில் கேட்கிறது. ஆயினும், என் தூக்கம் குறித்து இம்மனுவில் கோரிக்கை ஏதும் இல்லை.

4. சென்ற வாரம் ஆய்வகத்தில் ஒரு மாணவி நின்றபடியே தூங்கிச் சாய்ந்ததில் குடுவை உடைந்து கையில் மூன்று தையல்.

5. மணிமேகலை, திருப்புலி நாட்டில் மரவள்ளி பயிரிடும் முத்தனின் மகள். கணிதம் இரண்டாம் ஆண்டு. அக்டோபரில் நான்கு இரவுகள் ஒரு மணிக்கு எத்தனை உலுக்கியும் எழவில்லை. அவள் கட்டிலில்தான் இருந்தாள் என்று காப்பாளர் கைப்பட எழுதிக் கொடுத்துள்ளார். செயலியோ "இரவில் விடுதியில் இல்லை" என்று பதிந்துகொண்டது. அதன்பேரில் நவம்பர் 12-க்குள் அவள் விடுதியைக் காலி செய்ய வேண்டுமாம். 17-ஆம் தேதி தேர்வு தொடங்குகிறது.

"புள்ள ராத்திரியில எங்க போச்சுன்னு ஊருக்குள்ள கேக்கறாங்கம்மா, நான் என்னத்தச் சொல்றதுங்க?" என்று முத்தன் என் வாசலில் வந்து நின்றார். எல்லாம் என் மனுவால் வந்தது என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

6. மாற்று வழி இல்லாமல் நான் குறை சொல்வதில்லை. சேலத்தில் கன்னியர் நடத்திய பள்ளி விடுதியில் ஏழு ஆண்டுகள் இருந்தேன். இரவில் சிஸ்டர் ஒருவர் துணிச் செருப்பு அணிந்து வந்து, போர்வைக்கு வெளியே நீட்டிய பாதங்களை எண்ணிச் செல்வார். எண்பது பாதம், நாற்பது பேர். ஒருவரும் விழித்ததில்லை. இங்கே குளிர் என்பதால் தலைகளை எண்ணிக்கொள்ளலாம்.

7. எனவே எனது ஜூலை மனுவைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு மணி, நான்கு மணிப் பதிவுகளை நிறுத்தி, வெளியேற்றும் உத்தரவை 12-ஆம் தேதிக்கு முன் ரத்து செய்து, செயலியில் பதிந்தது தவறு என்று முத்தனுக்கு எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

விசாரணைக்கு அலுவலரை அனுப்பினால் மகிழ்வேன். கல்லூரி முடிந்ததும் மணிமேகலை, காப்பாளரின் அனுமதியோடு, என் முன்னறையில் இரண்டு மணி நேரம் தூங்குகிறாள். ஆகவே வருபவர் மாலை ஆறு மணிக்கு மேல் வரட்டும். முன்னதாக வந்தால் கதவைத் தட்ட வேண்டாம். நான் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

இடம்: எடப்புளி நாடு
நாள்: 8.11.2025

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
கு. அம்சவேணி