லுங்கியில் வந்த லைனர்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

புனேயிலிருந்து பொற்கொடி. நல்லா இருக்கீங்களா? தோள்வலி தேவலையா? போனில் சொன்னால் பாதியிலேயே சத்தம் போடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

பட்டறை முதலாளியின் அறுபது வருடப் பழைய பைக்குக்கு, பிஸ்டன் ஓடுகிற சிலிண்டருக்குள் ஸ்டீல் லைனர் குழாய்தான் போடுவேன் என்று அடம்பிடித்தேன் அல்லவா? ஓட்டிப் பார்க்கும்போது பிஸ்டன் அதைக் கவ்விக்கொண்டது, பின்சக்கரம் நின்றுவிட்டது. முழங்கையில் கொஞ்சம் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆறிவிட்டது.

"ஸ்டீல்ல ஆயில் நிக்காது அம்மணி, காஸ்ட் அயர்ன்னா ஆயிலைப் புடிச்சு வெச்சுக்கும்" என்று நீங்கள் அப்போதே சொன்னீர்கள்.

சிங்காநல்லூர் பவுண்டரியில் நீங்கள் வார்த்து, லுங்கியில் சுற்றி அனுப்பிய காஸ்ட் அயர்ன் லைனரைத்தான் பிறகு போட்டேன். அலுமினிய சிலிண்டரைச் சூடாக்கியதும், சுத்தியல் படாமலே சரக்கென்று இறங்கி உட்கார்ந்தது. பட்டறையே கைதட்டியது!

ஞாயிற்றுக்கிழமை முதலாளியைப் பின்னால் உட்காரவைத்து, நம் திம்பம் மாதிரி வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் ஏறினேன். ஒரு வளைவில்கூட எஞ்சின் முக்கவில்லை. உச்சியில் இறங்கியதுமே இன்னும் இரண்டு பைக்குகளை என் பொறுப்பில் விட்டுவிட்டார். எந்த லைனர் என்பதை இனி நானே முடிவு செய்யலாமாம். செய்துவிட்டேன், நீங்கள் வார்ப்பதுதான்.

முதலாளி கூப்பிடுகிறார். ஏனுங்க, சீக்கிரம் இரண்டு லைனர் அனுப்புங்கள். அதையும் உங்கள் லுங்கியிலேயே சுற்றுங்கள். போன தடவை துவைத்து அனுப்பிவிட்டீர்கள். இந்தத் தடவை துவைக்க வேண்டாமுங்க.

பொற்கொடி