சன்னலோரம் வைத்த பாட்டில்

என் மலருக்கண்ணு,

நல்லா இருக்கியான்னு உன்னைக் கேட்க வழியில்லை. ஒரே வாரக் காய்ச்சல்ல நீ போய் ஒரு வருஷம் ஆகுது. ஊட்டுச் சேதி மட்டும் சொல்றேன். அம்மா இன்னும் வாழவந்தியில எஸ்டேட் வேலைக்குப் போறாங்க. உன் செவலை ஆடு செத்துப்போச்சு.

நீ புட்டிப்பால் குடுத்து வளர்த்த அதே செவலைதான். எஸ்டேட் ஆளுங்க இருக்கற லைன் ஊட்டுக்குப் பின்னாடி குட்டையில தண்ணி குடிச்சுட்டுத் திரும்பியிருக்கு. நாலு எட்டு வைக்கறதுக்குள்ள கால் பின்னிக்கிச்சாம். உடம்பு வெடவெடன்னு நடுங்கி, மூச்சுக்குத் திணறி, அரை மணி நேரத்துல அடங்கிடுச்சுன்னு அம்மா போன்ல சொன்னாங்க. தண்ணி என்ன நிறத்துல இருக்குன்னு கேட்டேன். "பெயிண்டைக் கொட்டின மாதிரி பச்சையா கெடக்குது கண்ணு"ன்னாங்க. அப்பவே எனக்கு என்னன்னு புரிஞ்சுடுச்சு.

இதைத்தானே நீ ஆராய்ச்சி பண்ணின. குட்டையிலயும் ஏரியிலயும் படர்ற நீலப்பச்சைப் பாசியில சிலது அனடாக்சின்னு ஒரு நரம்பு நஞ்சு உண்டாக்கும், அது தசையை ஓயாம இழுக்க வச்சுக் கடைசியில மூச்சை நிறுத்திடும்னு எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்ப. வெயில் பட்டா சீக்கிரம் சிதைஞ்சு போயிடும்னும் சொன்ன. எனக்கு அது நல்லாவே தெரியும் மலரு. தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

உன்மேல எனக்குப் பொறாமை. சின்ன வயசுல பேரேடு எழுதற எஸ்டேட் ரைட்டர் நம்ம ரெண்டு பேர்கிட்டயும் கணக்குக் கேட்டுட்டு, "சின்னவதான் மூளைக்காரி"ன்னு உன் தலையை மட்டும் தடவினப்பவே ஆரம்பிச்சது. அப்புறம் காலேஜ். சேலத்துக்கு ஒரே பஸ்ல, ஒரே நேர்காணலுக்குப் போனோம். பேராசிரியர் உன்னை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கிட்டார். என்கிட்ட, "லேப் டெக்னீஷியன் வேலை காலியா இருக்குங்க, வர்றீங்களா"ன்னு கேட்டார். வர்றேன்னு சொல்லிட்டேன். திரும்பி வர்றப்ப குப்பனூர் தாண்டற வரைக்கும் நான் உன்கூடப் பேசலை. உனக்குத் தெரிஞ்சிருக்கும். நீதான் ஆரஞ்சை உரிச்சு உரிச்சு என் கையில வச்சுக்கிட்டே வந்தியே.

நம்ம குட்டைத் தண்ணியில நஞ்சு இருக்குன்னு நீ கண்டுபிடிச்ச அன்னைக்கு லேப்பே உன்னைச் சுத்தி நின்னுச்சு. நான் கண்ணாடிக் குழாய் கழுவிக்கிட்டிருந்தேன். லைன் ஊட்டுக்காரங்க நீ சொன்னதைக் கேட்டு ஆடு மாடு இறங்காம குட்டையைச் சுத்தி முள் போட்டாங்க. எதுக்கும் இன்னொருத்தர் தனியாப் பார்க்கட்டும்னு பேராசிரியர் அதே தண்ணியில இன்னொரு பாட்டிலை என்கிட்ட ஒப்படைக்கச் சொன்னார். அலுமினியத் தாள்ல சுத்திக் குடுத்த. "அக்கா, வெளிச்சம் படக் கூடாது. ஃப்ரிட்ஜ்ல வச்சுடு"ன்ன.

தாளைப் பிரிச்சுப் பார்த்தேன். லேபிள்ல உன் பேர், அதுக்குக் கீழ "ஆய்வாளர்". உன் முத்து முத்தான கையெழுத்து. என்னவோ எரிச்சல் வந்துச்சு. பாட்டிலை அப்படியே சன்னலோரம் வச்சுட்டுச் சாப்பிடப் போனேன். ரெண்டு நாள் அது வெயில்லயே இருந்துச்சு. அந்தப் பக்கமா எத்தனையோ தடவை நடந்தேன். மறந்துட்டேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

அப்புறம் கருவியில போட்டுப் பார்த்து, ஒண்ணுமே வரலைங்கன்னு பேராசிரியர்கிட்ட சொன்னேன். உன் முதல் சோதனையில எங்கேயோ தப்பு நடந்திருக்கும், அடுத்த தரம் பாசி படரும்போது பார்க்கலாம்னு அவர் ஒதுக்கி வச்சுட்டார். அது படர்றதுக்குள்ள நீ போயிட்ட. இருந்த வரைக்கும் நீ என்னை ஒரு வார்த்தை கேட்கலை. சந்தேகமே வரலையா, இல்லை தெரிஞ்சும் விட்டுட்டியா? அம்மாகிட்டயும் நான்தான் ஒண்ணுமில்லைன்னு சொன்னேன். போட்ட முள்ளைப் பிரிச்சு அடுப்புல வச்சுட்டாங்க.

போன வாரம் செவலை செத்ததும் முதல் பஸ்ல போனேன். காத்து பாசியை ஒதுக்கற மூலையில, நீ எடுத்த அதே எடத்துல தண்ணி எடுத்தேன். தாள்ல சுத்தி, மடியில வச்சுக் கொண்டுவந்தேன். கருவித் திரையில நஞ்சோட கோடு ஏறுச்சு. நீ ஏறும்னு சொன்ன அதே எடத்துல.

பேராசிரியர் எல்லார் முன்னாடியும் என் கையைக் குலுக்கினார். "நீங்கதாங்க உறுதிப்படுத்தினீங்க"ன்னார். உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு, அன்னைக்கு ஒரு நாள் முழுக்க நொம்ப சந்தோஷமா இருந்தேன் சாமி. உன்னைச் சுத்தி நின்ன மாதிரி என்னைச் சுத்தி நின்னாங்க.

சாயங்காலம் ஊட்டுக்குப் போனேன். அம்மா டீயை நீட்டிக்கிட்டே கேட்டாங்க. "ஏங்கண்ணு, சின்னவ வேண்டாம்னு சொன்ன தண்ணிதானே இது. நீதானே ஒண்ணுமில்லைன்ன?" டீ ஆறுதும்மான்னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். முள்ளைப் பிரிச்சதுல இருந்து அந்தக் குட்டைக்கரையில ஊர்ப்பிள்ளைங்க குளிச்சுட்டுத்தான் இருந்திருக்காங்க. அன்னைக்கு ராத்திரியே திரும்ப முள் போடச் சொன்னேன்.

நாளைக்கு நம்ம ஊர் ஸ்கூல்ல கூட்டம். குட்டையைப் பத்தி நான் பேசணுமாம். பேராசிரியர் வர்றார். அம்மா முன்வரிசையில உட்காருவாங்க. தனியா நின்னு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. உன்கிட்டச் சொல்ற மாதிரின்னா வாய் வருது. அதனால இந்தக் கடிதத்தையே வாசிக்கப் போறேன், பாட்டிலை விடாம, சந்தோஷப்பட்டதையும் விடாம. வேலை போனாப் போகட்டும். அம்மா என்ன சொல்வாங்கன்னுதான் தெரியலை.

குட்டையைப் பத்தின லேப் அறிக்கையில கண்டுபிடிச்சவங்க பேர் எழுதற எடத்துல உன் பேரை மட்டும் எழுதிக் குடுத்துட்டேன். எழுதும்போதும் மனசு ஓரத்துல எரிஞ்சுது மலரு. செத்ததுக்கு அப்புறமும் நீ சொன்னதுதானே சரியா வந்திருக்கு. இந்த எரிச்சல் எனக்குப் போகாதுன்னு நினைக்கறேன். ஆனா இனிமே உன் பாட்டில்மேல வெயில் பட விடமாட்டேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
தாளைப் பிரிச்சவ,
உன் அக்கா